தெப்பக்கரை நிபுணர்

கோயில் குளத்தில் புதுத் தெப்பம் வெள்ளோட்டம் விடும் நாளில், யாரும் கூப்பிடாமலே படித்துறைக்கு வந்து, அதன் குறைகளையும் அவற்றுக்கான பரிகாரங்களையும் உரத்த குரலில் அறிவிப்பவரே தெப்பக்கரை நிபுணர். குளமும் உற்சவமும் உள்ள ஊரெல்லாம் இவர் உண்டு. ஆனாலும் ஆந்திராவில் பாகாலாப் பக்கம் இந்த இனம் செழித்து வளர்வதற்குத் தனிக் காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் பஞ்சாங்கம். திருமலை சுவாமி புஷ்கரிணியில் பால்குன பௌர்ணமியோடு முடியும் ஐந்து நாள் தெப்போற்சவம். வெயில் தணியும் ஜூன் வாக்கில் திருச்சானூர் பத்ம சரோவரத்தில் தாயாருக்கு ஐந்து நாள். விநாயக சதுர்த்தியில் தொடங்கும் காணிப்பாக்கம் பிரம்மோற்சவத்தின் இருபத்தோராம் நாள் தெப்பம். மார்கழியில் கபில தீர்த்தம். இவை தவிர, ஏதோ ஒரு வருஷம் நல்ல மழை பெய்து, ஊர்க்குளம் நிறைந்து, தர்மகர்த்தாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டால் கிராமக் கோயிலிலும் தெப்பம். ஒரு மனிதர் இந்தத் துறையில் அனுபவசாலி ஆவதற்கு இவ்வளவு போதும்.

இரண்டாவது காரணம் ரயில். காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் என்று மூன்று பக்கமும் பாதை பிரியும் பழைய ஜங்ஷன் பாகாலா. 1890களில் வந்த மீட்டர்கேஜ் தண்டவாளம் இந்த நூற்றாண்டில்தான் அகலப் பாதையாயிற்று. ஒரு மீட்டர் அகலத்தில் உத்தியோகம் ஆரம்பித்து, 1,676 மில்லிமீட்டர் அகலத்தில் ஓய்வு பெற்றவர்கள் ஊரில் உண்டு. நகரும் பொருள் எதுவாயினும் அதன் நோயைத் தம்மால் சொல்ல முடியும் என்ற நம்பிக்கை இவர்களிடம் இயல்பாகவே இருக்கிறது. நிபுணர்களில் மூத்த பிரிவு இவர்களே.

இளைய பிரிவு இரண்டு. ஒன்று, பெங்களூரு வேலையிலிருந்து லீவில் வந்து, கைப்பேசியில் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டே தெப்பம் மூன்று டிகிரி சாய்ந்திருப்பதாகச் சொல்லும் பிள்ளை. அந்த மூன்று டிகிரியும் பெரும்பாலும் அவர் மணிக்கட்டினுடையது. மற்றொன்று, எதைப் பார்த்தாலும் திருவாரூரைச் சொல்பவர். அங்கே கமலாலயக் குளத்துத் தெப்பத்தில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து விடிய விடியக் கச்சேரி கேட்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது நூற்றுக்கணக்கான டிரம்கள் தாங்கும் தெப்பம் என்ற செய்தியை அவர் சேர்த்துச் சொல்வதில்லை.

பெரிய கோயில்களில் நிபுணருக்கு இடமில்லை. அங்கே பொறியாளர்கள் இருக்கிறார்கள், போலீஸ் கயிறு கட்டியிருக்கிறது. திருமலைத் தெப்பத்தை அவர் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் திருத்துகிறார்; அந்தத் திருத்தம் மலைக்குக் கேட்பதில்லை. கிராமக் கோயிலில் கயிறு கிடையாது. அங்கே அவர் தண்ணீரிலிருந்து மூன்றாவது படியில் நிற்கிறார். முதல் இரண்டு படிகளில் பாசி இருக்கும். அவருக்கு நீச்சல் தெரியாது.

அவர் ஆராயும் பொருள் அப்படி ஒன்றும் சிக்கலானதல்ல. காலி டிரம்களை வரிசையாகப் படுக்கவைத்து, சவுக்குக் கட்டையாலோ இரும்பு ஆங்கிளாலோ சட்டம் கொடுத்து இறுகக் கட்டி, மேலே பலகை பரப்பி, நடுவில் மண்டபம் எழுப்பினால் தெப்பம் ஆயிற்று. திருமலையில் இந்த உற்சவம் பழையது: சுவாமி புஷ்கரிணியின் நடுவே நீராழி மண்டபத்தை விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மர் 1468இலேயே கட்டினார். 1950களின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் அம்ப்ரோஸ் வீரெஸ் என்ற விவசாயி, இரும்பு டிரம்களை முனைக்கு முனை பற்றவைத்து இரண்டு வரிசையாக்கி, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் விட்டார். இன்று உலகெங்கும் ஏரிகளில் உல்லாசமாகச் சுற்றும் பான்டூன் படகின் வம்சம் அங்கிருந்து தொடங்குகிறது. அந்த விவசாயி எப்போதோ ரகசியமாகத் திருமலைக்கு வந்து போயிருக்க வேண்டும் என்பது நிபுணரின் கட்சி. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பதால் அதை மறுப்பதும் எளிதாக இல்லை.

தெப்பத்தின் கணக்கும் நாலாம் வகுப்புக் கணக்குதான். 200 லிட்டர் டிரம் முழுவதும் மூழ்கினால் சுமார் 200 கிலோ தண்ணீரை ஒதுக்கும். டிரம்மின் சொந்த எடை ஏறக்குறைய 18 கிலோ. ஆக 180 கிலோ தாங்கும் என்று சொல்லலாம். ஆனால் டிரம் முழுவதும் மூழ்கிய தெப்பத்தில் சுவாமிக்குப் பாதம் நனையும். பாதி மூழ்கினால் போதும் என்று வைத்துக்கொள்வதே முறை. அப்போது டிரம் ஒன்றுக்கு 82 கிலோ. ஐம்பது டிரம்முக்கு நாலு டன் சொச்சம். சட்டம், பலகை, மண்டபம், ஜெனரேட்டர், பூ அலங்காரம் எல்லாம் இரண்டரை டன்னை விழுங்கினால் மீதி ஒன்றரை டன். ஆளுக்கு 60 கிலோ வீதம் இருபத்தைந்து பேர். அர்ச்சகர், நாகஸ்வரம், தவில், கழி பிடிப்பவர்கள், தீவட்டிக்காரர் என்று எண்ணிக்கொண்டு வந்தால் உபயதாரர் குடும்பம் வருவதற்கு முன்பே இருபத்தைந்து தீர்ந்துவிடும். நிபுணர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அவர் தெப்பத்தைப் பார்க்கிறார், தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார், பிறகு அறிவிக்கிறார்.

புதுத் தெப்பத்தின் முதல் கோளாறு சாய்வு.

“ஏம்ப்பா மேஸ்திரி, தெக்குப் பக்கம் ஒரு ஜாண் எறங்கியிருக்குது, கண்ணுக்குத் தெரியலையா?”

“அட்லே சார்.”

மேஸ்திரியின் இந்த விடைக்கு ஆமாம் என்று பொருள் கொள்வது நிபுணரின் வழக்கம். உண்மையில் அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

சாய்வுக்குக் காரணம் இரண்டில் ஒன்று. ஆளும் பண்டமும் ஏறும் முன்பு மட்டமாக நின்று, ஏறிய பிறகு சாய்ந்தால் பாரம் இடம் தப்பியிருக்கிறது. ஜெனரேட்டரை எதிர்ப்பக்கம் தள்ளினால் சரியாகிவிடும். வெறுந்தெப்பமே சாய்ந்து நின்றால், அதிலும் காலையில் ஒரு விரற்கடையாக இருந்தது மாலையில் ஒரு ஜாண் ஆகியிருந்தால், டிரம்மில் தண்ணீர் புகுகிறது. இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு பகல் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது நிபுணரின் சுபாவத்தில் இல்லை. அவர் கையில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து இருக்கிறது: உயர்ந்த பக்கத்தில் மணல் மூட்டை.

மணல் மூட்டையின் பெருமை என்னவென்றால் அது உடனே பலிக்கும். தெப்பம் கண்ணெதிரே மட்டமாகும். கூட்டம் நிபுணரை மரியாதையோடு பார்க்கும். ஆனால் இரண்டு டிரம்களில் தண்ணீர் நிறைந்ததால் போன தாங்குசக்தி 200 கிலோ. அதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கம் வைத்த நாலு மூட்டை இன்னொரு 200 கிலோ. மொத்தத்தில் ஆறேழு பேர் ஏறக்கூடிய இடம் போயிற்று. சாய்ந்த தெப்பம் நிமிர்ந்த தெப்பமாக மாறி, நிமிர்ந்தபடியே தாழ்கிறது. மூன்றாவது டிரம்மும் ஒழுகினால் மேலும் இரண்டு மூட்டை. வைத்தியம் முற்றினால் பலகை நனையும்.

ஒழுகும் டிரம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் அதுவும் நிபுணரின் யோசனையாக இருக்கக்கூடும். சித்தூர் வட்டாரத்தில் தோதாபுரி மாம்பழக்கூழ் தொழிற்சாலைகள் ஏராளம். கூழ் அடைக்கும் டிரம் பார்வைக்குக் கம்பீரமானது, பெயின்ட் கெட்டி. “பல்ப் டிரம் போடுப்பா, பத்து வருஷம் அசையாது” என்பது அவர் வாக்கு. கூழ் உள்ளே இருப்பது தனியான பையில். டிரம் அதற்கு வெளிச்சட்டை மட்டுமே. அதன் மேல்மூடி முழுவட்டமாகக் கழன்று வரும். ஒரு வளையம்தான் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. லாரியில் போக அது போதும், குளத்தில் கிடக்கப் போதாது. தெப்பத்துக்கு ஏற்றது இரண்டு பக்கமும் மூடி, தலைப்பில் இரண்டு அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் திருகு மூடி வைத்த எண்ணெய் டிரம். அந்த மூடிகளின் வாஷர் நைந்திருக்கிறதா என்று பார்ப்பதே வெள்ளோட்டத்துக்கு முன் செய்யவேண்டிய வேலைகளில் முதன்மையானது. வாஷர் மலிவானது, ஒருவேளை அதனால்தான் அதைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை.

இங்கே நிபுணருக்குச் சாதகமான ஒன்றையும் பதிவு செய்யவேண்டும். ரயில்வேயில் வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கொண்டே விரிசலைக் கண்டுபிடிப்பது பழைய வழக்கம். அந்தக் காது தெப்பத்துக்கும் உதவும். காலி டிரம் கணீரென்று பேசும். தண்ணீர் புகுந்தது தொண்டை கட்டியதுபோல் ஒலிக்கும். தட்டினால் ஒழுகும் டிரம் சில நிமிடங்களில் அகப்பட்டுவிடும். ஆனால் தெப்பம் தண்ணீரில் இறங்கிய பிறகு டிரம்கள் பலகைக்கு அடியில் இருக்கின்றன. நிபுணர் குடைக்காம்பால் பலகையைத் தட்டுகிறார். பலகை பலகையின் ஓசையைத் தருகிறது.

இரண்டாவது கோளாறு சுழற்சி. இழுத்தால் நேராக வராமல் தெப்பம் பக்கவாட்டில் திரும்பி, சுவாமி ஜனங்களுக்கு முதுகு காட்டுவது. ஒரே மூலையில் கயிறு கட்டியதால் வரும் வினை இது. முன்பக்க மூலைகள் இரண்டிலிருந்தும் இரு கயிறு எடுத்து ஒரு வளையத்தில் சேர்த்து இழுத்தால் தெப்பம் தலை திருப்பாது. பின்னால் ஒரு கயிறும் அவசியம். தெப்பத்துக்குப் பிரேக் இல்லை. நிபுணர் இதற்குக் காற்றைக் குற்றம் சொல்கிறார். காற்றே இல்லாத நாளில் வாஸ்துவை.

மூன்றாவது, தெப்பம் கனமாக வருகிறது என்ற புகார். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகத்தை இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு வேண்டும். போகும் திசைக்கு இணையாக டிரம்களை முனைக்கு முனை அடுக்கினால் தண்ணீர் வழிவிடும். குறுக்கே அடுக்கினால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனியே மல்லுக்கு நிற்கும். குளத்தை நாலு பக்கமும் சுற்றவேண்டிய சதுரத் தெப்பத்தில் இந்த லாபமும் பாதிதான். சரி, வேகம் எதற்கு? திருமலையிலேயே முதல் மூன்று நாள் மும்மூன்று சுற்று, நாலாம் நாள் ஐந்து, கடைசி நாள் ஏழு. பகவானுக்கு அவசரம் இல்லை. அவசரம் எல்லாம் கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்களுக்கு. நிபுணரும் அவர்களில் ஒருவர். “இன்னும் பத்து ஆள் போட்டு இழுங்கப்பா” என்ற ஆணையின் ஊற்றுக்கண் அதுவே.

நான்காவது ஆட்டம். மண்டபம் உயர உயர, கலசமும் சீரியல் விளக்கும் குடையும் மேலே ஏற ஏற, பாரத்தின் மையம் மேலே போகும்; தெப்பம் தலையாட்டும். மருந்து உயரத்தைக் குறைப்பது அல்லது அடியை அகலமாக்குவது. உயரத்தைக் குறைக்க உபயதாரர் சம்மதிக்கமாட்டார், அவர் பெயர்ப்பலகை உச்சியில் இருக்கிறது. அடியை அகலமாக்கத் தர்மகர்த்தாவிடம் பணம் இல்லை. ஆகவே எல்லாரும் நடுவில் உட்காரவேண்டும் என்று முடிவாகிறது. வாணவேடிக்கை தொடங்கும்வரை அது கடைப்பிடிக்கப்படுகிறது. முதல் வெடிக்கு எல்லாரும் ஒரே பக்கத்துக்கு எழுந்து போகிறார்கள்.

உற்சவ இரவில் நிபுணரின் தன்மை மாறுகிறது. வட்டப் பிரமுகர் தம் பரிவாரத்தோடு வந்து தெப்பத்தில் கால் வைக்கும் நேரம் அது. மேஸ்திரி பேசமாட்டார், அவருக்கு அடுத்த வருஷக் கான்ட்ராக்ட் வேண்டும். தர்மகர்த்தாவுக்குப் பதவி வேண்டும். அர்ச்சகர் மந்திரத்தில் இருக்கிறார். அப்போது மூன்றாவது படியிலிருந்து ஒரு குரல் எழும்பும்: “சார், சுவாமிக்கு மட்டும்தான் எடம். நீங்க எறங்கி நில்லுங்க.” பென்ஷன் மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது, யாரிடமும் அவருக்கு ஆகவேண்டிய காரியம் இல்லை. பிரமுகர் இறங்குவார், கூட வந்தவர்களும் இறங்குவார்கள். தெப்பம் சற்றே உயரும். வெள்ளோட்ட நாளில் சொன்ன யோசனைகள் அத்தனையையும் இந்த ஒரு வாக்கியத்துக்காக மன்னிக்கலாம். அவரோ இதை ஒரு சாதனையாகக் கருதுவதில்லை. அன்றிரவு வீட்டில் அவர் விவரிப்பது மணல் மூட்டையைத்தான்.

உற்சவம் முடிந்த வாரம் தெப்பத்தைக் கரையேற்றிப் பிரிக்கவேண்டும். டிரம்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தண்ணீர் புகுந்ததைத் தனியே ஒதுக்கி, மூடி திறந்து வெயிலில் உலர்த்தி, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, புது வாஷர் போட்டு நிழலில் அடுக்கவேண்டும். அடுத்த வெள்ளோட்டத்தில் வரக்கூடிய ஒழுகலும் சாய்வும் பெரும்பாலும் அந்த ஒரு பகலிலேயே தீர்ந்துவிடும். சுத்தியலுக்கும் காதுக்கும் உண்மையான வேலை இருப்பது அன்றுதான். அன்று குளக்கரையில் மேஸ்திரியும் இரண்டு கூலியாட்களும் இருப்பார்கள். சுண்டல் கிடையாது. நிபுணர் வருவதில்லை.