வீரமா, கிறுக்கா?

கேள்வி: அண்டார்க்டிகா கடலில் பாய்மரப் படகில் போவது வீரமா, கிறுக்கா?

பதில்: விரும்பிப் போனால் கிறுக்கு. வேறு வழியில்லாமல் போய்ப் பிழைத்தும் வந்தால் வீரம். துருவப் பயணி ஷேக்கிள்டன் இரண்டாவது ரகம். அவருடைய ‘எண்டியூரன்ஸ்’ கப்பலைப் பனி நொறுக்கிவிட்டது. எலிஃபன்ட் தீவில் 22 பேரை விட்டுவிட்டு, 1916 ஏப்ரல் 24 அன்று ஐந்து பேரோடு ‘ஜேம்ஸ் கெயர்ட்’ என்ற படகில் உதவி தேடிக் கிளம்பினார். நீளம் ஏழு மீட்டர்கூட இல்லை. போகவேண்டிய தூரமோ சுமார் 1,500 கிலோமீட்டர்!

தச்சர் ஹாரி மெக்னிஷ்தான் பக்கங்களை உயர்த்தி, கேன்வாஸ் துணியால் மேல்தளம் போட்டவர். இடுக்குகளை அடைக்க விளக்குத்திரி, ஓவியரின் எண்ணெய் வண்ணம், சீல் ரத்தம். (ஐ.எஸ்.ஐ. முத்திரையெல்லாம் கேட்காதீர்கள்.) படகின்மேல் பனிக்கட்டி ஏறிக்கொண்டே போக, பாரத்தில் கவிழாமலிருக்க, ஆடும் தளத்தில் ஊர்ந்துபோய்க் கோடரியால் வெட்டித் தள்ளினார்கள். வழி கணிக்க, கப்பலின் கேப்டன் வோர்ஸ்லியிடம் சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி இருந்தது, சூரியன்தான் இல்லை. அது தலைகாட்டியது மொத்தமே நான்கைந்து முறை. அதை வைத்தே மே 10 அன்று தெற்கு ஜார்ஜியா தீவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். என்ன, ஆளிருந்தது தீவின் மறுபக்கம்! மலையையும் தாண்டினார்கள். ஆகஸ்ட் 30 அன்று அந்த 22 பேரும் உயிரோடு மீண்டார்கள்.

ஆனால் அந்தத் தச்சருக்குத் துருவப் பதக்கம் இல்லை. பனியில் ஒருமுறை தலைவரை எதிர்த்துப் பேசிவிட்டாராம். ஷேக்கிள்டன் பெரிய தலைவர்தான். இந்த விஷயத்தில் சின்ன மனிதர்.