மறதிக்கு ஒரு சட்டமா?

கேள்வி: வயதானால் மறதி வருவது இயல்புதானே? அதற்குப் போய் அரசாங்கம் திட்டம், சட்டம் என்று போட வேண்டுமா?

பதில்: நரை வருவது இயல்பு. நாற்பது வருடம் நடந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது நோய். டிமென்ஷியா என்கிற இந்த நோயுடன் உலகில் 5.5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். அவர்களைக் கவனிக்கும் நேரத்தில் சுமார் 70 சதவீதம் பெண்களுடையது. அதற்குச் சம்பளமும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது!

2017 மே மாதம் உலக சுகாதார சபையில் நாடுகள் கூடி ஒரு செயல்திட்டத்தை ஏற்றன. 2025க்குள் 146 நாடுகளிலாவது தேசியக் கொள்கை இருக்க வேண்டும் என்பது இலக்கு. 2021ல் எண்ணிப் பார்த்தால் தேறியது கால்வாசி நாடுகள்தான். இப்போது கெடுவை 2031க்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். மறதி நோயாளிகளுக்கு மட்டுமல்ல போலும்.

ஜப்பானைப் பாருங்கள். கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, இந்த நோயாளி எதிரே வந்தால் எப்படிப் பேசுவது என்று 2005லிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெரிய செலவில்லை, ஒன்றரை மணி நேர வகுப்பு! 2023ல் தனிச் சட்டமே இயற்றிவிட்டார்கள்.

மறதியைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம் ஆகியவற்றைக் காலத்தில் கவனித்தால் ஆபத்தைக் குறைக்கலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதையும் கேளுங்கள்.