செத்தவனை மறுபடி கொல்வது எப்படி?

1399-ல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ரிச்சர்ட் படையோடு அயர்லாந்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நாடுகடத்தப்பட்டிருந்த சித்தப்பா மகன் ஹென்றி வந்திறங்கினார். “அப்பா சொத்து கிடைத்தால் போதும்” என்றார். கிடைத்தது, கூடவே கிரீடமும் ஒட்டிக்கொண்டு வந்தது. ரிச்சர்ட் சிறைக்குப் போனார், மறு வருஷமே பரலோகத்துக்கும் போனார்.

இந்தக் காரியத்துக்குத் தோள் கொடுத்தது வடக்கத்திப் பெர்சி குடும்பம். ராஜாவை உண்டாக்கியவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லைக் காவலுக்குச் செலவழித்த பணம் எங்கே என்றார்கள். நாங்கள் பிடித்த ஸ்காட்லாந்துக் கைதிகளை உமக்கு ஏன் தரவேண்டும் என்றார்கள். வேல்ஸ் கலகக்காரனிடம் சிக்கிய எங்கள் மச்சினன் மார்ட்டிமரை மீட்டுத் தாரும் என்றார்கள். மச்சினனின் அண்ணன் மகனுக்குச் சிம்மாசனத்தில் தன்னைவிடப் பாத்தியதை அதிகம் என்பது ஹென்றிக்குத் தெரியும். காசு கொடுத்து வம்பை வாங்குவாரா? 1403-ல் பெர்சி வீட்டுப் பிள்ளை ஹாட்ஸ்பர் வாளை உருவிவிட்டார்.

ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து ஷேக்ஸ்பியர் இதை நாடகமாக்கினார். ராஜாவைவிட மூன்று வயது மூத்த ஹாட்ஸ்பரை இளவரசன் ஹாலின் வயசுக்காரனாக்கினார். நடுவே ஃபால்ஸ்டாஃப் என்ற தொப்பை வீரரையும் நுழைத்தார். படைக்கு ஆள் எடுக்கச் சொன்னால், வசதியுள்ளவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார் இந்த மனிதர். 150 சிப்பாய் கணக்கில் 300 பவுண்டுக்கு மேல் வசூல்! கந்தலும் பட்டினியுமாகக் கிடைத்தவர்கள்தான் ஹாட்ஸ்பரை எதிர்த்து ஷ்ரூஸ்பரி போர்க்களத்துக்குப் போனார்கள்.

அங்கே உயிருக்குப் பயந்து பிணம் போலப் படுத்துக்கொள்கிறார் ஃபால்ஸ்டாஃப். எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஹாட்ஸ்பர், ஹால் கையால் செத்துக் கிடக்கிறார். ‘இவனும் நம்மைப் போல நடித்தால்?’ என்று பயம். தொடையில் ஒரு குத்து. பிறகு முதுகில் தூக்கிப்போய், “நான்தான் கொன்றேன், பிரபுப் பட்டம் கொடு” என்கிறார்.

நிஜ ஷ்ரூஸ்பரியில் ஹாட்ஸ்பரைக் கொன்றது யாரென்றே தெரியாது. பிணத்தைப் புதைத்தார்கள். ‘ஹாட்ஸ்பர் சாகவில்லை’ என்று ஊரில் வதந்தி. ஹென்றிக்கும் அதே ஃபால்ஸ்டாஃப் பயம்! பிணத்தைத் தோண்டியெடுத்து, ஷ்ரூஸ்பரியில் ஊரார் பார்க்க நிறுத்தி, துண்டுதுண்டாக வெட்டி ஊர் ஊராக அனுப்பினார். தலை யார்க் நகர வாசலுக்குப் போனது.

ஷேக்ஸ்பியர் இந்தக் காட்சியை நாடகத்தில் வைக்கவில்லை. ராஜாவே இப்படி இறங்கிவிட்டால், பாவம், கோமாளிக்கு என்ன வேலை இருக்கும்?