தாத்தாவுக்கு ஒரு தபால்

கேள்வி: என் எட்டு வயது மகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். எங்கே அனுப்புவது?
– ஒரு நெசவாளித் தாய், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: கனடாவுக்கு! ‘சான்டா கிளாஸ், நார்த் போல், ஹெச்0ஹெச் 0ஹெச்0, கனடா’ என்று ஆங்கிலத்தில் முகவரி எழுதுங்கள். தாத்தாவின் ‘ஹோ ஹோ ஹோ’ சிரிப்பையே பின்கோடாக்கிவிட்டது அந்நாட்டு அஞ்சல் துறை. தன்னார்வலர்கள் உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள். ஓர் அஞ்சல் துறை செய்யக்கூடிய மிக அழகான வேலை இதுதான் என்பேன்.

உங்கள் மகள் வயதில்தான் நியூயார்க் சிறுமி வர்ஜீனியா, தாத்தா உண்டா என்று ‘தி சன்’ பத்திரிகையைக் கேட்டாள். உண்டு என்று 1897 செப்டம்பர் 21-இல் தலையங்கமே எழுதியது அது.

தறியில் பட்டுப்புடவை இறங்கக் காத்திருக்கும் வீடு உங்களுடையது, பதிலுக்கும் காத்திருப்பீர்கள். அனுப்புநர் முகவரியை மறக்காதீர்கள். அனுப்புமுன் கடிதத்தை ஒரு நகல் எடுத்து, மகளுக்காகப் பத்திரப்படுத்துங்கள்.