ஈரத்தரை நடை: ஓர் உரைவிளக்கம்

சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடித் தரைக்கல் சூளையைக் கண்டதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. முதல் பளபளப்பு கண்ணாடி தந்தது. பிந்தைய மெருகு மனிதர் கால்பட்டு ஏறுவது. இந்தப் பின்பாதியே வீட்டுப் பூசல் பலவற்றுக்கு மூலம் என்பது இவ்வாய்வின் துணிபு.

இத்தரையைத் துடைப்போர் இரு கலையார். தேங்காயெண்ணெய்க் கலையார் வாளித் தண்ணீரில் சில சொட்டு விட்டு, துணியை நன்கு பிழிந்து துடைப்பர். (சொட்டு கூடினால் மாமியார் வழுக்குவார் என்றொரு பாடபேதம் உண்டு.) ஆசிட் கலையாரோ, கழிப்பறைக்கு வாங்கியதன் மிச்சத்தைக் கூடத்திலும் ஊற்றுவர். உடனே நுரைக்கும். ‘அழுக்கு வருது பாரு’ என்பது அவர்தம் உரை. அது பிழையுரை. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு கிளம்புவதே அந்நுரை. வருவது அழுக்கன்று, தரை.

தண்ணீரை வாரியிறைத்துக் கழுவுவோர் தனி வகை. அடியிலிருக்கும் உப்பு ஈரத்தோடு ஏறி, காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். அதைப் போக்கக் கழுவுவர்; கழுவிய நீர் இறங்கி மேலும் உப்பை அழைத்து வரும். உலர்ந்த பிரஷால் தேய்த்துப் பெருக்கினாலே பெருமளவு போய்விடும். அதில் வீரச்சுவை இல்லாமையால் ஒருவரும் செய்யார்.

இனி ஈரக்கால் இயல். துடைத்த தரை காயுமுன் குடும்பத் தலைவருக்கு எதிர்ச்சுவரிலுள்ள சார்ஜர் தேவைப்படும். ‘காயட்டும், நில்லுங்க’ என்னும் நூற்பாவுக்கு ‘நுனிக்காலால் நடக்கலாம்’ என்று பொருள் கொள்வதில் ஆண்பால் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடே இல்லை. நுனிக்கால் நடையில் எட்டு குறுகுவதால் தடங்களின் எண்ணிக்கை கூடுகிறது என்பதை அவர்கள் கருதுவதில்லை.

பிடிபட்டவர் மேற்கோள் காட்டுவார்: ‘கால் பட்டாத்தானே தரைக்கு மெருகு!’ மறுக்கவொண்ணாத வாதம். ஆனால் அவர் நின்றது, ஏறத்தாழ 1,200 டிகிரியில் சுட்டெடுத்து, ஆலையிலேயே மெருகேற்றி, மாதத் தவணையில் வாங்கிப் பதித்த விட்ரிஃபைட் டைல்ஸில். இதைச் சுட்டிக்காட்டிய அம்மையார் மாப்பையும் அவர் கையிலேயே கொடுத்தார்.