எரேஸ் டிஸ்க்கை அமுக்கு, பேராண்டி!

வாங்க பேராண்டி, வாங்க. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட கஞ்சித்தண்ணிய நிறுத்திட்டாங்களாமே? 11-ஐப் போடலாம்னா, டிபிஎம் 2.0 இல்ல, பிராசஸர் கிழடுன்னு சொல்லி வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்களாம். கிழடுங்கிறது ஒரு குத்தம்னா, இந்த வீட்டுல முதல்ல என்னையில்ல தூக்கி வெளிய போடணும்!

சரி, லினக்ஸ் போடப் போறியாக்கும். எந்த லினக்ஸுன்னு கேட்டா, ஆடியிலருந்து பாத்துக்கிட்டிருக்கேன் தாத்தாங்கிற. நீ பாக்குறதத்தான் நானும் பாக்குறேனே. எதுல வால்பேப்பர் பளபளன்னு இருக்கு, எதுல ஜன்னல் ஆடிக்கிட்டே மூடுது. மாட்டுச் சந்தையில பல்லப் பிடிச்சுப் பாக்காம, கழுத்துச் சலங்கையக் கேட்டு விலை பேசின உங்க பெரியப்பன் வம்சமாச்சே நீ!

நான் என்னத்தக் கண்டேன், கைநாட்டுப் பய. ஆனாலும் கேக்குறேன். எதப் போட்டாலும் உள்ள ஓடுறது, லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல ஹெல்சிங்கியில படிக்கிற காலத்துல ஆரம்பிச்ச அந்தக் கெர்னல்தான? 1993-ல டெபியன், அது மேல 2004-ல உபுண்டு, அதுக்கும் மேல மிண்ட். எல்லாம் ஒரே தாயாதிக் கூட்டம். உன் லேப்டாப்புல ராம் நாலு ஜிபி. மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டா பேசாம ஓடும். ஆனா அதப் போட்டா கூட்டாளிகிட்ட என்னத்தப் பீத்துவ? நீ ஆர்ச் போடு. போட்ட கையோட ஊர் பூரா சொல்லிட்டு வா. பாதி வேலை அதுதானாம்.

லினக்ஸோட ஐஎஸ்ஓ ஃபைல இறக்கினதும் சரிபாக்கணும்பாங்க. அதெல்லாம் பயந்தாங்கொள்ளிக்கு! 2016 பிப்ரவரி 20-ல ஒரு களவாணி மிண்ட்டோட சொந்த வெப்சைட்டுக்குள்ளயே பூந்து, 17.3 சினமன் இணைப்ப, பின்வாசல் வச்ச தன்னோட ஐஎஸ்ஓ பக்கம் திருப்பி விட்டான். அன்னைக்கு இறக்கினவுகளும் உன்ன மாதிரி தைரியசாலிகதான். ஷா256 எண்ண ஒத்துப் பாத்தாப் போதுமேங்கிறியா? அந்தப் பக்கத்தையே கைக்குள்ள வச்சிருக்கவனுக்கு எண்ண மாத்தி எழுத எம்புட்டு நேரம் ஆகும்? அதுக்குத்தான் ஜிபிஜி கையெழுத்துன்னு ஒண்ணு வச்சிருக்கான். கைநாட்டுப் பய எனக்கே தெரியுது.

பென்டிரைவுல ஏத்தினா, நிறுவாமலே லைவ்வா ஓட்டிப் பாக்கலாம். வைஃபை பிடிக்குதா, சத்தம் வருதா, மூடித் திறந்தா முழிக்குதான்னு ஒரு பொழுது பாத்தாப் போதும். உனக்கெதுக்கு அந்தப் பொறுமை? நேரா இன்ஸ்டால்தான். அப்ப ஒரு திரை வரும். விண்டோஸுக்குப் பக்கத்துலயே போடவா, இல்ல எரேஸ் டிஸ்க்கான்னு கேக்கும். எரேஸ அமுக்கு, சட்டுனு முடிஞ்சிரும். உங்கக்கா கல்யாண போட்டோ அந்த டிஸ்க்குல மட்டும்தான் இருக்குங்கிறத அப்புறமா அவ புருஷன்கிட்ட சொல்லிக்கலாம்.

பக்கத்துலயே போடுறேங்கிறியா? அப்ப பிட்லாக்கர் ரெக்கவரி கீயத் தாள்ல எழுதி வச்சிராத. பூட் செட்டிங்க மாத்தினதும் விண்டோஸ் அதக் கேட்டு நிக்கும்போது நீ முழிக்கிறத நாங்க பாக்கணும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைச்சுப்புடாத. அதோட விண்டோஸ மூடினா பாதித் தூக்கத்துலதான் கிடக்கும். அந்த டிரைவுல எழுத லினக்ஸ் மாட்டேன்னு முரண்டு பிடிக்கும். பொழுது போகணுமில்ல?

இனி அப்கிரேடு. உங்க சித்தப்பன் உபுண்டு 22.04 வச்சிருக்கான். அதாவது 2022 ஏப்ரல்ல வந்தது. நீண்ட காலம் பாத்துக்கிற எல்டிஎஸ் பதிப்புங்கிறதால அஞ்சு வருசம் கவல இல்லாம கிடக்கான். நடுவுல வர்ற பதிப்பெல்லாம் ஒம்பது மாசத்தோட சரி. 24.04 ஏப்ரல்ல வந்தப்பவும், 24.04.1 வர்ற வரைக்கும் சித்தப்பனுக்கு மாறச் சொல்லி அழைப்பே வரல. செஞ்சவனே, முதல் ஓட்டையெல்லாம் அடைச்சுட்டுக் கூப்பிடுறேன்னு நிறுத்தி வச்சிருக்கான். நீ விடுவியா? டெர்மினல்ல அப்கிரேடு கட்டளையோட மைனஸ் டி-யப் போட்டு, வெளஞ்சுக்கிட்டிருக்கதயே இழுத்துருவ! அங்கங்க சேத்த பிபிஏங்கிற வெளிக் கிடங்கு ஒண்ணையும் கழட்டாத. டைம்ஷிப்டுல ஸ்னாப்ஷாட்டும் எடுத்துறாத. அது போட்டோவச் சேத்து வைக்காது, சிஸ்டத்த மட்டுந்தான் பழைய நிலைக்குக் கொண்டாரும். நமக்கு எதுக்கு?

நாளைக்குக் காலையில ஆன்லைன்ல இன்டர்வியூன்னு ஆச்சி சொன்னா. அப்ப இன்னைக்கு ராத்திரி பதினோரு மணிதான் அப்கிரேடுக்கு நல்ல நேரம், சார்ஜரையும் கழட்டிரு. கருந்திரையில கர்சர் மட்டும் மினுக்கிக்கிட்டு நின்னா என்ன எழுப்பாத. நான் ஒம்பது மணிக்கே படுத்துருவேன்.