மாப்ள, சாமிக்கு என்ன வச்சுட்டுப் போறீக?

வாங்க மாப்ள, வாங்க. விடியுமுன்னே மதுரையிலருந்து பைக்கை முறுக்கிக்கிட்டுக் கீழக்குயில்குடி வந்துட்டீக. சமணர்மலையில சூரியன் கெளம்புறதைப் பாக்கணும், நாலு போட்டோ எடுக்கணும், கீழே எறங்கி அய்யனாரைக் கும்புடணும். நல்ல காரியந்தான். வரும்போது ரெண்டு கை கொள்ளாமக் கொண்டாந்துட்டு, போறப்ப வெறுங்கைய வீசிக்கிட்டுப் போறீக பாருங்க, அந்தத் தாராள மனசு யாருக்கு வரும்!

நேத்து ஆலமரத்தடியில பார்த்தேன். கேக்கு வெட்டுன அட்டை, கலர் நுரை அடிக்கிற டப்பா, பிரியாணிப் பொட்டணம், பிரிக்காத வெங்காயப் பச்சடி. தாமரைக்குளத்துல ஒரு பாலித்தீன் கவரு காத்தை அடைச்சுக்கிட்டு மொட்டு கணக்கா நிக்குது. ஒருத்தரு அதையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கிட்டாரு.

மலை மேல பேச்சிப்பள்ளத்துல வரிசையா எட்டுச் சிலை இருக்கே, அதுக்குக் கீழ வட்டெழுத்துல பேரு வெட்டியிருக்கும். ஆயிரம் வருசத்துக்கு முந்தி அந்தச் சிலையைச் செஞ்சு குடுத்தவுக பேரு. அதைப் பார்த்துட்டு நம்மாளும் பக்கத்துல பேரு கிறுக்குறான். அவுக சிலையைக் குடுத்தாக. இவன் காலி பாட்டிலைக் குடுத்திருக்கான். கணக்குச் சரிதான்.

இந்த மலையில மட்டுமா? நம்ம அழகரு சித்திரைப் பௌர்ணமிக்கு வைகையாத்துல எறங்குறாரு. 1959-ல தெறந்த வைகை அணையிலருந்து அதுக்குன்னே தண்ணி விடுறாய்ங்க. ஆனா அந்தத் தண்ணி மதுரைக்கு வந்து சேரும்போது பந்தல்குடி வாய்க்கால் சாக்கடையும் கூட வந்து சேந்துக்கிருது. அழகரு விவரமானவரு மாப்ள. அவருக்குத் திருமஞ்சனம்னா அழகர்மலையில சுரக்குற நூபுர கங்கைத் தண்ணிதான். வேற தண்ணி பட்டா மேனி கறுத்துரும்னு சொல்லுவாக. நாமதான் ஆத்துக்குள்ள நின்னு அன்னதானத் தட்டு, மோரு குடிச்ச டம்ளரு, தண்ணிப் பாக்கெட்டு எல்லாத்தையும் காலடியில போட்டுட்டு 'கோவிந்தா'ங்கிறோம்.

அங்கிட்டிருந்து அழகரு வண்டியூர் தேனூர் மண்டபத்துக்குப் போயி மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்ப்பாரு. துர்வாசர் சாபத்துல தவளையாப் போனவரு. இந்தத் தண்ணிக்குள்ள தவளையாக் கெடக்கிறதைவிடப் பெரிய சாபத்தைத் துர்வாசராலயும் குடுக்க முடியாது.

தெக்க பாபநாசத்துல இன்னொரு கூத்து. பாவம் போகணும்னு தாமிரபரணியில முங்கிட்டு, கட்டுன துணியை ஆத்தோட விட்டுட்டு வர்றாய்ங்க. சோசியரு சொன்ன பரிகாரமாம். அந்த ஆத்துத் தண்ணியைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்குது. ஒருத்தன் பாவம் ரெண்டு சில்லா சனத்துக்கும் பங்கு! துணியை அள்ளிக் கரையேத்துறவுகளுக்குப் புண்ணியம் உண்டான்னு எந்தச் சோசியரும் கட்டம் போட்டுப் பாக்கல.

மண்குதிரையை நம்பி ஆத்துல எறங்காதன்னு பெருசுக சொன்னாக. இப்ப மண்குதிரையைத்தான் நம்பலாம் போலருக்கு. புரவி எடுத்து அய்யனாருக்கு வச்ச மண்குதிரை மழையில கரைஞ்சா மண்ணோட மண்ணு. வாழையெலை மாட்டுக்கு. சூடம் காத்தோட போயிரும். சாமிக்குக் குடுத்தது எதுவும் சாமிக்குப் பாரமா இருந்ததில்ல. பாலித்தீன் கவரை 2019 சனவரியிலேயே சர்க்காரு தடை பண்ணிட்டாக. 2021-ல மஞ்சப்பையை மறுபடி எடுங்கன்னும் சொன்னாக. எங்காத்தா அதை எப்பவும் கீழ வச்சதே இல்ல. அப்ப அதைப் பார்த்துச் சிரிச்சவுகதான் இப்ப மஞ்சப்பையோட செல்பி எடுக்குறாக.

அதனால உங்களைத் திருந்தச் சொல்லல மாப்ள, அதெல்லாம் பெரிய வேலை. ஒரு நேர்த்தி மட்டும் போட்டுக்கங்க: 'அய்யனாரே, கொண்டாந்ததைக் கொண்டுபோறேன்.' மொட்டை போடணும்னு இல்ல, கெடா வெட்டணும்னு இல்ல. காலிப் பாட்டில் நெறை பாட்டிலைவிடக் கனமும் இல்ல.

முடியாதா? சரி, போட்டுட்டே போங்க. ராத்திரி அய்யனாரு குதிரையேறி ஊரைச் சுத்தி வருவாருன்னு தெரியும்ல? பாட்டில் ஓடு குதிரைக் குளம்புல ஏறுனா, யாரு வீடுன்னு விசாரிப்பாரு. நான் காட்டிக் குடுக்க மாட்டேன் மாப்ள. நீங்கதான் பாறையில பேரையும் ஊரையும் எழுதி வச்சிருக்கீகளே!